நாணயக் குரூப்புக்கு அட்மின் ஆகிறீர்களா? இங்கிருந்து தொடங்குங்கள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, குடியாத்தம் பக்கத்துப் பழங்காசு சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குரூப்பை நான்கு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகப் பொறுப்பு எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, விதிகள். நான்கைந்து போதும், அதற்கு மேல் யாரும் படிப்பதில்லை. காசு தவிர வேறு பேச்சு கூடாது, விற்பனை ஞாயிறு மட்டும், போட்டோ போட்டால் இரண்டு பக்கமும் எடையும் வேண்டும். பாதிச் சண்டையைக் குறைப்பது இந்தக் கடைசி விதிதான். ஆற்காட்டு ரூபாய் என்னும் பழைய வெள்ளிக் காசையே பாருங்கள். ஒருவர் ‘நவாப் காசு’ என்பார், இன்னொருவர் ‘கும்பெனிக் காசு’, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது என்பார். தாமரைக் குறி இருந்தால் சென்னையில் ஆங்கிலேயர் அடித்தது, பிறைக் குறி இருந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்தது. போட்டோ தெளிவாக இருந்து, எடையும் 11.5 கிராமை ஒட்டி இருந்தால் பேச்சு இரண்டு மெசேஜில் முடிந்துவிடும்.

அடுத்து, அட்மின் ஒப்புதல் இல்லாமல் யாரும் சேர முடியாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். சேர வருபவரிடம் ‘என்ன சேர்க்கிறீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ‘டிராக்டர் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்னும் ஆட்கள் அதற்கே பதில் சொல்லமாட்டார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதுபற்றி எச்சரித்தது. அப்படி ஒரு மெசேஜ் வந்துவிட்டால் அழித்து, ஆளை நீக்கி, ஏன் நீக்கினீர்கள் என்று அன்றே குரூப்பில் எழுதுங்கள். சும்மா இருந்தால் அவர் தனி மெசேஜில் யாரையாவது பிடித்துவிடுவார்.

நிலத்தில் புதைந்து கிடைத்த காசு என்றால் விற்பனைப் பேச்சே கூடாது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி, எனக்கு முக்கியமான விஷயம். சத்துவாச்சாரிப் பையன் ஒருவன், பாட்டி பெட்டியில் கிடைத்த செப்புக்காசைப் புளி போட்டுத் தேய்த்து, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று போட்டோ போட்டான். வீட்டில் செம்பு, பித்தளையை அப்படித்தானே துலக்குகிறோம்? ஆனால் தேய்த்த பழங்காசுக்குச் சேகரிப்பாளர்களிடம் மதிப்பு போய்விடும். பத்து நிமிஷத்தில் மூன்று பெரியவர்கள். ‘கெடுத்துட்டியேப்பா.’ ‘இனி அது வெறும் செம்பு.’ வேலை முடிந்து நான் போனைப் பார்த்தபோது அவன் குரூப்பை விட்டுப் போயிருந்தான். திரும்ப வரவே இல்லை.

அன்றிலிருந்து, புதியவரின் முதல் கேள்விக்கு முதல் பதில் அட்மினுடையது. அதற்காகவே இரண்டு அட்மின் வைத்திருக்கிறோம், ஒருவர் பகலுக்கு, ஒருவர் இரவுக்கு. கடுமையாகப் பேசிய பெரியவரைக் குரூப்பில் கண்டிக்காதீர்கள், வீம்புதான் ஏறும். போன் செய்யுங்கள்: ‘அண்ணா, நீங்க சொன்னது சரிதான். அதையே பையனுக்குப் புரியற மாதிரி சொல்லிடுங்களேன்.’ பெரும்பாலும் கேட்பார்கள். சண்டை சூடானால் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிட்டு, காலையில் திறங்கள். மூன்று முறை சொல்லியும் கேட்காதவரை, எவ்வளவு விஷயம் தெரிந்தவரானாலும், நீக்குங்கள். நான் ஒருவரை நீக்கியிருக்கிறேன். பழங்காசில் இருக்கும் பாரசீக எழுத்தைக் கடகடவென்று படிப்பவர். இன்றும் அந்த இடம் காலிதான், ஆனாலும் செய்தது சரி.

இப்போது புதிதாகச் சேரும் எல்லோருக்கும் இந்த மெசேஜ் போகிறது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்: ‘வாங்க. காசைத் தேய்க்காமல், கழுவாமல், அப்படியே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்கள். என்ன காசு என்று சேர்ந்து பார்ப்போம்.’