நெருப்புத் துப்பாக்கி கேட்ட பையனும் எட்டு ஆட்டுக்காலும்

போன பள்ளி விடுமுறையில் அக்கா மகன் கடைக்கு வந்து, "மாமா, பழைய சிலிண்டர் ஏதாச்சும் சும்மா கெடக்கா?" என்று கேட்டான். நான் பினாங்கு மாநிலத்துப் பிறையில் கேட், கிரில் அடிக்கும் கடை வைத்திருப்பவன். சிலிண்டர் கேட்டு வருகிறவனை உட்காரவைத்து "எதுக்கு?" என்று கேட்காமல் விடுவதில்லை. படிவம் நான்கு படிக்கிறான். போனை நீட்டினான். எவனோ ஒருவன் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் நின்று, தென்னை உயரத்துக்குத் தீயைப் பீய்ச்சிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்து இவனும் நோட்டில் ஒன்று வரைந்து வைத்திருந்தான். படம் நன்றாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருந்தால் "கூடாது" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போய்ச் செய்வான். நான் அப்படித்தான் செய்தேன். 1987-இல், நிபோங் திபால் பக்கம் தோட்டத்து லயத்தில் இருந்தோம். காய்ந்த தென்னை மட்டையைக் குவித்து, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் இருந்து எடுத்த பெட்ரோலை ஊற்றினேன். புத்திசாலி என்று நினைப்பு. பத்தடி தள்ளி நின்று தீக்குச்சியைக் கிழித்தேன். எறியவே இல்லை, கிழித்ததோடு சரி. தீ மட்டைக்குவியலில் பிடிக்கவில்லை, என் பின்னால் இருந்த லோங்காங்கில் இருந்து எழுந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது தரையோடு தவழ்ந்து போய்ச் சாக்கடையில் தேங்கியிருக்கிறது. பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்வதற்கு மைனஸ் 40 டிகிரி குளிரே போதும். நம் ஊர் வெயிலில் அது எப்போதும் தயார். என் இடது குதிகாலில் இன்றும் தோல் பளபளவென்று இருக்கும். பையனிடம் முதலில் அதைக் காட்டினேன். கதையை அவன் பாதிதான் கேட்டான், குதிகாலை முழுதாகப் பார்த்தான்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். விரலை அழுத்தினால் "உஷ்" என்ற சத்தத்தோடு ஒன்று கிளம்புகிறதே, அந்தச் சத்தம்தான். முப்பது வருடமாக வெல்டிங் டார்ச் பிடிக்கிறேன், இன்றும் காலையில் முதல் தடவை பற்றவைக்கும்போது அந்தச் சுகம் உண்டு. 2018-இல் ஈலோன் மஸ்க்கின் போரிங் கம்பெனி தலா 500 டாலருக்கு 20,000 நெருப்புத் துப்பாக்கிகளை விற்றது. உள்ளே இருந்தது கூரைக்குத் தார் உருக்கும் கேஸ் டார்ச்தான், மேலே துப்பாக்கி உறை. அதற்கும் ஆள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். பையனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

சரி, அவன் படத்துக்கு வருவோம். அதில் மூன்று இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டேன். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி ஒன்று. எண்பது டிகிரியிலேயே அது இளக ஆரம்பிக்கும். அவன் அதை நெருப்புக்கு ஒரு முழம் பின்னால் வைத்திருந்தான். இரண்டாவது, ரப்பர் குழாய். எரிபொருள் பட்டால் எல்லா ரப்பரும் தாங்காது, ஊறி உப்பிவிடும். மூன்றாவது வட்டம் போட்ட இடத்தில் எதுவுமே இல்லை. "இங்க என்ன மாமா?" என்றான். "தீ திரும்பி வந்தா தடுக்கிறது எது?" என்றேன். எங்கள் கடையில் அசிட்டிலீன் சிலிண்டரில் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் என்று ஒரு பித்தளைக் குப்பி இருக்கும். கேஸ் வெளியே வரும் வேகம் குறைந்தால் தீ உள்ளே ஓடப் பார்க்கும். அதை மறிப்பதற்குத்தான் அது. அவன் படத்தில் தீ திரும்பினால் நேராக முதுகுக்குத்தான் போகும்.

இவ்வளவையும் சரிசெய்தாலும் ஒன்று மிச்சம். கேஸ் டார்ச்சில் வால்வை மூடினால் தீ நின்றுவிடும். நிஜ நெருப்புத் துப்பாக்கி பீய்ச்சுவது எரிகிற எண்ணெய். வால்வை மூடினாலும், ஏற்கெனவே பறந்து போனது எரிந்துகொண்டுதான் இருக்கும், பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு. அதை யாரும் திருப்பிக் கூப்பிட முடியாது. 1915 ஜூலையில் பெல்ஜியத்தின் ஹூகே என்ற இடத்தில் ஜெர்மன்காரர்கள் இதைப் பதுங்குகுழிகள்மேல் பாய்ச்சியதும் அதனால்தான். கலிபோர்னியாவில், எரியும் திரவத்தைப் பத்தடிக்கு மேல் பீய்ச்சும் கருவிக்கு உரிமம் வேண்டும். நம் மலேசியாவில் ஆளுக்கு ஆபத்து வரும்படி நெருப்பை அலட்சியமாகக் கையாண்டாலே தண்டனைச் சட்டத்தின் 285-ஆவது பிரிவு காத்திருக்கிறது.

கொசு மருந்து டின்னையும் லைட்டரையும் பற்றி ஒரு வார்த்தை. எல்லாப் பையன்களும் முதலில் அதில்தான் ஆரம்பிப்பார்கள். அந்த டின்னில் மருந்தைத் தள்ளுவது பெரும்பாலும் நம் அடுப்பில் எரிகிற அதே கேஸ். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று டின்னிலேயே அச்சடித்திருப்பார்கள். அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அவனுக்கு நெருப்பைக் கொடுங்கள். ஆமாம், கொடுங்கள். நான் கொடுத்தது ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் கேஸ் டின்னில் மாட்டுகிற டார்ச் தலை, கூடவே பசாரில் வாங்கிய எட்டு ஆட்டுக்கால். கறிக்கடையில் பெரும்பாலும் வாட்டித்தான் தருவார்கள். "முடியோட வேணும்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

உடுப்பில் இருந்து தொடங்க வேண்டும். பையன் வழக்கம்போல ஃபுட்பால் ஜெர்சியில் வந்து நின்றான். அது பாலியெஸ்டர், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். என் பழைய பருத்திச் சட்டையையும் ஜீன்ஸையும் கொடுத்தேன். சிலிப்பர் கூடாது, சப்பாத்து. கண்ணாடி கட்டாயம். ஒரு வாளி தண்ணீர், ஒரு ஈரச் சாக்கு, பவுடர் தீயணைப்பான் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். தீயணைப்பானை அவன் கையில் கொடுத்து, ஊசியை எங்கே இழுப்பது, தீயின் அடியை நோக்கிப் பிடித்து இடவலமாக வீசுவது எப்படி என்று இழுக்காமலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள். ஒரு கிலோ தீயணைப்பான் பத்து வினாடிக்கு மேல் வராது. "அவ்ளோதானா?" என்று அவன் முகம் மாறும். மாறட்டும்.

இடம் திறந்தவெளி, லோங்காங்கில் இருந்து தள்ளி. அடுப்பு கேஸும் காற்றைவிடக் கனம்தான். சிமெண்டுத் தரைமேல் நேராகத் தீயைக் காட்டக்கூடாது. சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பட்டென்று சில்லு தெறிக்கும். வெள்ளித் தகரத்தை அடியில் போடுவோரும் உண்டு. வேண்டாம், அதில் பூசியிருக்கும் துத்தநாகம் புகைந்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங்காரன் எல்லாரும் ஒரு தடவையாவது பட்டு அறிந்தது இது. நான் போட்டது நாலு செங்கல், மேலே பழைய இரும்புத் தோசைக்கல்.

இனி டார்ச். மாட்டுவதற்கு முன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். வெடித்தோ இறுகியோ இருந்தால் அந்தத் தலையைத் தூக்கிப் போடுங்கள். மாட்டியதும் வால்வை மூடியபடியே இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை கொப்பளித்தால் கசிவு. நெருப்பு இல்லாமலேயே, கண்ணை மூடிக்கொண்டு, வால்வு எந்தப் பக்கம் மூடும் என்று பத்துத் தடவை திருப்பச் சொன்னேன். அதற்கு மட்டும் வெற்று டின்தான் மாட்டியிருந்தது. ஏழாவது தடவை "போதும் மாமா" என்றான். பத்தும் ஆகாமல் புது டின்னைக் கொடுக்கவில்லை.

பற்றவைக்கும்போது வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, டின்னை நிமிர்த்திப் பிடிக்கட்டும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் சாய்க்கவே கூடாது. உள்ளே கேஸ் திரவமாக இருக்கிறது; டார்ச் சூடாவதற்குள் சாய்த்தால் திரவமே வாய்க்கு வந்து மஞ்சளாக முழ நீளத்துக்கு எரியும். பையன் சாய்த்தான். நாக்கு நீட்டியதும் அலறினான், ஆனால் கை தானாக வால்வை மூடியது. அந்தப் பத்துத் தடவை வீண் போகவில்லை.

நீலத் தீக்குள் இன்னொரு சின்ன நீலக் கூம்பு தெரியும். அதன் நுனிக்குச் சற்று முன்னால்தான் சூடு அதிகம், ஆயிரம் டிகிரியைத் தாண்டும். கூம்பைத் தோலில் குத்தினால் கரிதான் மிஞ்சும், நுனி தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஆட்டுக்காலைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து, குளம்பில் இருந்து மேலே கொண்டுபோகச் சொல்லுங்கள். முதலில் முடி சுருண்டு, சுருக்கென்ற நாற்றம் வரும். பிறகு தோல் தேன் நிறத்துக்கு வந்து சின்னச் சின்னதாகக் கொப்பளிக்கும். அங்கேயே நிற்காமல் நகர வேண்டும். குளம்புப் பிளவுக்குள்தான் முடி ஒளிந்திருக்கும், அங்கே தீயைக் குறைத்துப் பொறுமையாகக் காட்ட வேண்டும். குளம்பு நன்றாகச் சூடானதும் இடுக்கியால் திருகினால் ஓடு டக்கென்று கழன்று விழும். முதல் ஓடு விழுந்தபோது அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, போனில் அந்த வீடியோ பார்த்தபோதுகூட அவன் அப்படிச் சிரிக்கவில்லை.

முதல் கால் கரிக்கட்டை. இரண்டாவது பாதிக் கரி. ஐந்தாவதில் கை பழகிவிட்டது. அதற்குள் டின் தொட்டால் சில்லென்று, வெளியே பனி பூத்துவிடும், தீயும் இறங்கும். திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் வருவது அது. பத்து நிமிடம் ஓய்வு கொடுங்கள். சூடாக்குகிறேன் என்று வெந்நீரிலோ வெயிலிலோ வைக்காதீர்கள். வேலை முடிந்த டின்னைக் காருக்குள் விட்டுவிடவும் கூடாது. மூடிய கார் நடுப்பகலில் அந்த 50 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். டார்ச் தலை ஆறியதும் கழற்றித் தனியாக வையுங்கள்.

சுட்டுக்கொண்டால்? குழாயடியில், ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம், கடிகாரம் பார்த்து. மோதிரம், கயிறு இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். பற்பசை, கிச்சாப், ஐஸ் எதுவும் வேண்டாம். என் குதிகாலில் பாட்டி கிச்சாப் ஊற்றியதை டாக்டர் கழுவி எடுத்த வலி, சுட்ட வலியைவிடப் பெரிது. கொப்புளம் உள்ளங்கை அளவுக்கு வந்தாலும், முகம், மூட்டு, விரல் எங்கே பட்டாலும் ஆஸ்பத்திரிதான். டின்னின் இணைப்பிலேயே தீ பிடித்து, வால்வை மூட முடியவில்லை என்றால் அணைக்கப் போராடாமல் விலகி ஓடி, 999-க்கு அழைத்துத் தீயணைப்புப் படையான பொம்பாவை வரச்சொல்லுங்கள்.

வாட்டிய கால்களைக் கத்தியின் முதுகால் சுரண்டி, மஞ்சள்தூள் தேய்த்து, இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுங்கள். எட்டில் ஆறு தேறியது. அக்கா அன்று இரவே மிளகு தட்டிப் போட்டு சூப் வைத்தார். தீபாவளிக்கு முன் வாரம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பன்னிரண்டு காலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, "தம்பி வாட்டுறானாமே?" என்று வாசலில் நின்றார். பையன் சட்டை மாற்ற உள்ளே ஓடினான்.