பணவீக்கப் பாடத்துக்கு ஆறு நிமிட பொட்காஸ்ட்

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பொருளியலில் 40 நிமிடப் பாடவேளைக்கு முழு பொட்காஸ்ட் வேண்டாம். 6 நிமிடத் துண்டே தாராளம். முதல் நாளே தரவிறக்கி வையுங்கள். கொழும்பு–காலி பிரதான வீதியோரப் பாடசாலை என்றால் ஜன்னலையும் சாத்துங்கள், பஸ் ஹோர்ன் பாதியை விழுங்கிவிடும்.

போடுமுன் கரும்பலகையில் ஒரே கேள்வி: “கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8%, 2023 செப்டெம்பரில் 1.3%. அப்போ சாமான் விலை இறங்கிவிட்டதா?” பலர் ‘ஓம்’ என்பார்கள். பேச்சாளர் “பணவீக்கம் குறைந்தது” என்றதும் நிறுத்தி, கணக்கை மாணவரையே போடவிடுங்கள் (இந்த வீதம் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டது): 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய கூடை 169.80 ஆகி, பிறகு ஏறக்குறைய 172 ஆனது. இறங்கியது வேகம்தான், விலையல்ல. இப்போது அதே துண்டை மீண்டும் போடுங்கள். குறிப்பெடுப்பது இந்த இரண்டாம் முறையில்தான். முதல் தடவையே எழுதச் சொன்னால் காது வேலை செய்யாது.