'யெஸ்டர்டே' இருக்கும் இடத்தில் 'ஹேவ்' வேண்டாம்

ஆங்கிலத்தில் வேலை விண்ணப்பமோ அலுவலக மின்னஞ்சலோ எழுதும்போது, 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' போன்ற முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல் வாக்கியத்தில் இருந்தால், 'ஹேவ்', 'ஹேஸ்' ஆகியவற்றை நீக்கிவிட்டுச் சாதாரண இறந்தகால வினையை எழுதுங்கள். 'ஐ ஹேவ் சென்ட் த லெட்டர் யெஸ்டர்டே' பிழை. 'ஐ சென்ட் த லெட்டர் யெஸ்டர்டே' சரி. 'ஹேவ்', 'ஹேஸ்' சேர்ந்து வரும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் வினை நடந்த செயலை இன்றைய நிலையோடு இணைப்பதால், அந்த இணைப்பை அறுக்கும் காலச்சொல்லை அது ஏற்பதில்லை. தமிழில் 'நேற்று அனுப்பியிருக்கிறேன்' என்பது இயல்பான வாக்கியம். கொழும்பில் நன்றாக ஆங்கிலம் பேசும் நம்மவர்களிடமும் இப்பிழை தங்கிவிடுவதற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

'சின்ஸ் 2019' இதில் சேராது. அது அந்த ஆண்டில் தொடங்கி இன்றுவரை நீள்வதால், வெள்ளவத்தையில் வசிப்பவர் 'ஐ ஹேவ் லிவ்ட் இன் வெள்ளவத்தை சின்ஸ் 2019' என்றே எழுத வேண்டும். 'டுடே', 'திஸ் வீக்' இன்னும் முடியாத காலங்கள். அவற்றுடனும் 'ஹேவ்' வரலாம். 'ஹேட்' வரும் பாஸ்ட் பெர்ஃபெக்டுக்கும் இந்த விதி பொருந்தாது: 'பை லாஸ்ட் ஃப்ரைடே ஐ ஹேட் ஃபினிஷ்ட் த ரிப்போர்ட்' முற்றிலும் சரியான வாக்கியமே.