நாணயச் சேகரிப்புக் குழு நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் ஓர் இளைஞர் பழைய நாணயம் சேகரிப்போருக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி என்னையும் அதில் சேர்த்திருக்கிறார். ஏழு ஆண்டுகளுக்கு முன் வேலூரில் நான் தொடங்கிய குழுவில் என்னென்ன தவறுகளைச் செய்தேனோ, அவற்றை அதே வரிசையில் அவரும் செய்துவருவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. காலை வணக்கப் படங்களைத் தடுப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

தவறான பதிலை அழிப்பது

உறுப்பினர் இட்ட செய்தியை அட்மினே அழிக்கும் வசதி 2022இல் வந்தபோது, அதை ஆசையாகப் பயன்படுத்தியவர்களில் நானும் ஒருவன்.

ஆற்காட்டுக்காரர் ஒருவர் பாட்டியின் பெட்டியில் கிடைத்த ஆற்காடு ரூபாயின் படத்தை இட்டு, அது எங்கே அடித்தது என்று கேட்டிருந்தார். பெயர்தான் ஆற்காடு, நவாபின் அனுமதியோடு ஆங்கிலேயர் சென்னையிலும் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் அதே பெயரில் அடித்தனர். தாமரைக் குறி இருந்தால் சென்னை, பிறை இருந்தால் புதுச்சேரி. 1759இல் இறந்த முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரையே ஆங்கிலேயர் அதன் பின்னும் பல பத்தாண்டுகள் பொறித்துவந்ததால், மன்னர் பெயரை வைத்துக் காலம் சொல்வதும் எளிதன்று. போதாக்குறைக்கு, அச்சு பெரிதாகவும் காசாக அடிக்கும் உலோக வில்லை சிறிதாகவும் இருந்தமையால், சம்மட்டியால் அடித்த காசுகளில் பாதி எழுத்தும் குறியும் விளிம்பைத் தாண்டிப் போயிருக்கும்.

தோல் தொழிற்சாலையில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற பேரணாம்பட்டுப் பெரியவர் ஒருவர், "இது புதுச்சேரிக் காசு" என்று ஒரே வரி எழுதினார். விளிம்பில் தெரிந்த வளைவைத் தாமரை இதழ் என்று நம்பிய நான், புதியவர்கள் குழம்பிவிடுவார்களே என்று அந்த வரியை அழித்துவிட்டுச் சென்னைதான் என்று நீளமாக விளக்கம் எழுதினேன். அட்மின் அழித்தார் என்ற குறிப்பு என் பெயரோடு முந்நூறு பேர் பார்க்க அங்கேயே நின்றது.

மூன்று வாரம் கழித்துக் கோட்டை வாசலில் அந்தக் காசைக் கையில் வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். வளைவின் இரு முனைகளும் கூராக முடிந்திருந்தன, பிறைதான். அதற்குள் பெரியவர் விலகியிருந்தார். தொலைபேசியில் அழைத்தபோது, "பரவாயில்லை தம்பி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மரியாதையாகவே சொன்னார். அவரோடு வாணியம்பாடி, ஆம்பூர் நண்பர்கள் ஐந்து பேரும் போய்விட்டார்கள். காசுகளிலுள்ள பாரசீக எழுத்தை எழுத்துக்கூட்டிச் சொல்லிவந்த உருது படித்தவர்கள் அவர்கள்தாம். எனக்கோ அலிப் எது, லாம் எது என்றே தெரியாது. இன்றும் ஆற்காடு ரூபாய்ப் படம் ஏதேனும் வந்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

பதில் தவறென்று தோன்றினால் அதன் கீழேயே காரணத்தோடு மறுத்து எழுதுங்கள். பின் ஒரு நாளாவது பிறர் பேச இடம் விடுங்கள். குடியாத்தம் இளைஞர் சென்ற வாரம் மூன்று பதில்களை அழித்தார். அவற்றில் ஒன்று சரியான பதில்.

எதையுமே அழிக்காமல் விடுவது

வைஷ்ணோ தேவி படம் பொறித்த ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம் கிடைக்கும் என்பன போன்ற செய்திகளைப் பார்த்த மாத்திரத்தில் நீக்க வேண்டும். பழைய நாணய விற்பனையின் பெயரில் கட்டணம் கேட்டு ஏமாற்றுகிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கி 2021இலேயே எச்சரித்திருக்கிறது.

புதையல் காசுக்கு விலை பேச விடுவது

ஏரி தூர் வாரும்போது கிடைத்தது என்று படம் வந்தால் பேரத்தை உடனே நிறுத்துங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

எல்லாக் கேள்விக்கும் அட்மினே பதில் சொல்வது

சொல்லாதீர்கள்.

சண்டை வந்ததும் குழுவைப் பூட்டுவது

அட்மின் மட்டும் எழுதலாம் என்று ஒரு முறை பூட்டி, பதினொரு நாள் கழித்துத் திறந்தேன். அதன் பின்னும் நான்கு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஓர் ஓட்டைக் காலணாவின் படம் வந்தது. பதில் எழுத விரல் துடித்தாலும் அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். இரவு எட்டரை மணிக்கு வாலாஜாப்பேட்டைப் பள்ளி மாணவி ஒருத்தி, அது 1943 முதல் 1947 வரை அடித்த காசு என்று முதன்முறையாகக் குழுவில் எழுதினாள்.