ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு ஒப்பீடு எழுதப் போகிறீர்களா? டிக் போடும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திர ஊரான நகரியின் பஜாரில் போன் விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. ஐபோனில் ஓடும் ஐஓஎஸ்ஸோ, மற்ற போன்களில் ஓடும் ஆண்ட்ராய்டோ புதிதாக வந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தமிழில் எழுதுவேன். இப்போது நகரி, புத்தூர், பள்ளிப்பட்டுப் பையன்கள் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள், எழுதியதை எனக்கும் அனுப்புகிறார்கள். படித்தால் நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்து. மங்கலான ஸ்கிரீன்ஷாட், தப்பான வெர்ஷன் நம்பர் இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், நாலு பேர் திட்டினால் தானாகச் சரியாகிவிடும். அப்படிச் சரியாகாத தப்புகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

யார் முதலில் கொண்டுவந்தது என்ற சண்டை

ஆப்பைத் திறக்காமலே முகப்பில் தகவல் காட்டும் விட்ஜெட் ஆண்ட்ராய்டில் 2009லேயே இருந்தது, ஐபோன் முகப்புக்கு 2020ல் ஐஓஎஸ் 14 உடன்தான் வந்தது. சரி, இன்றைக்குப் போன் வாங்குகிறவருக்கு அதனால் என்ன?

மொழியைப் பார்க்காமல் டிக் போடுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதில் அடுத்தவர் காசு போகிறது.

எங்கள் ஊரில் தறி வைத்திருக்கும் ஒரு அண்ணன், சூரத் வியாபாரியோடு இந்தியில் பேச முடியாமல் எப்போதும் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். மகன் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒரு ஒப்பீட்டு வீடியோவில் ‘கால் பேசும்போதே மொழிபெயர்ப்பு’ என்ற வரியில் பச்சை டிக்கைப் பார்த்தார், நேராகத் திருப்பதிக்குப் போய் விலை கூடிய போன் ஒன்றை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைத் திறந்து விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். இந்தி இருக்கிறது. தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. “ஏம்பா, நம்ம மொழி எங்க இருக்கு?” என்றார். இவர் ஆங்கிலத்தில் பேசினால் அந்தப் பக்கம் இந்தியில் கேட்கும், உண்மைதான். ஆனால் அவ்வளவு ஆங்கிலம் பேச வந்தால் அவர் ஏன் இத்தனை ஆயிரம் கொட்டப் போகிறார்?

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. 2024 ஜனவரியில் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வந்தபோது அதன் போன் கால் மொழிபெயர்ப்பான லைவ் டிரான்ஸ்லேட்டுக்கு 13 மொழி என்று பட்டியலே போட்டார்கள், அதில் இந்திய மொழி இந்தி ஒன்றுதான். 2025ல் ஐஓஎஸ் 26 வந்தபோது போன் கால் மொழிபெயர்ப்பு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், போர்ச்சுகீஸ், ஸ்பானிஷ் என்று தொடங்கியது. அதுவும் ஆப்பிளின் ஏஐ வசதியான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் ஓடும் போனில், அதாவது ஐபோன் 15 ப்ரோவிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும்தான். வெறும் ஐபோன் 15ல் கிடையாது. இதெல்லாம் நிறுவனத்தின் பக்கத்திலேயே அடிக்குறிப்பாக இருக்கும், பொடி எழுத்தில். தமிழில் பேசி, தமிழ் தெரிந்தவர்களுக்காக ஒப்பீடு செய்கிறவர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் இரண்டு பக்கமும் டிக் போட்டால் என்ன சொல்வது! நகரித் தறிக்காரருக்கு அன்றைக்கு இரண்டுமே இன்டூதான். வசதியின் பெயருக்குப் பக்கத்தில் எந்த மாடல், எந்த மொழி, எந்த நாடு என்று மூன்று கட்டம் போடுங்கள். அது நிரம்பாமல் டிக் போடாதீர்கள்.

அந்த அண்ணனுக்குக் கடைசியில் கைகொடுத்தது அவருடைய பழைய போன்தான். போன் காலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்தில் பழைய போனில் கூகுள் டிரான்ஸ்லேட்டின் உரையாடல் பகுதியைத் தமிழ், இந்தி என்று வைத்துக் கொடுத்தேன். தறிச் சத்தத்தில் திணறுகிறது, வீட்டுக்குள் வந்து பேசினால் ஒப்பேறுகிறது.

இன்னொரு பக்கம், நிஜமாகவே நமக்கு வந்ததை இவர்கள் கவனிப்பதில்லை. ஐஓஎஸ் 18 கீபோர்டில் ஆங்கில எழுத்தில் தட்டியே தமிழும் தெலுங்கும் சேர்த்து எழுதலாம். ஒரே மெசேஜில் மூன்று மொழி கலக்கும் எங்கள் ஊருக்கு அதுதான் தலைப்புச் செய்தி, கூகுளின் கீபோர்டான ஜிபோர்டோடு வைத்து ஒப்பிட வேண்டியதும் அதைத்தான்.

பிக்சலைப் பார்த்துவிட்டு ‘ஆண்ட்ராய்டு’ என்று எழுதுவது

ஆண்ட்ராய்டு 15 கூகுளின் சொந்தப் போனான பிக்சலுக்கு 2024 அக்டோபரில் வந்தது. சாம்சங் அதையே தன் பாணிக்கு மாற்றி ஒன் யூஐ 7 என்று பெயர் வைத்து எஸ்24க்குக் கொடுக்கத் தொடங்கியது 2025 ஏப்ரலில். விவோ, ரெட்மி, ரியல்மி வைத்திருப்பவர்கள் கதை தனி, என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான்.

பெயர் ஒரே மாதிரி, வேலை வேறு

ஐஓஎஸ் 18ல் ஆப்பை மறைக்கலாம், ஆண்ட்ராய்டு 15ல் பிரைவேட் ஸ்பேஸ் இருக்கிறது, ஆகவே இரண்டும் சமம் என்று எழுதுகிறார்கள். ஐபோனில் இருக்கிற ஆப்பே மறைவான ஃபோல்டருக்குள் போகிறது. பிரைவேட் ஸ்பேஸ் தனி அறை, ஆப்பை அங்கே புதிதாக இன்ஸ்டால் செய்ய வேண்டும், பூட்டிவிட்டால் உள்ளே இருக்கும் ஆப் ஓடாது, நோட்டிஃபிகேஷனும் வராது. சாம்சங்காரர்கள் கேட்டால் அந்தப் போனிலேயே இருக்கும் பூட்டிய பகுதியான செக்யூர் ஃபோல்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டியலின் நீளத்தை அளப்பது

புது வெர்ஷனில் யாருடைய வசதிப் பட்டியல் நீளம் என்று எண்ணி ஜெயித்தவரைச் சொல்கிறார்கள். ஆப்பிள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஐஓஎஸ் அப்டேட்டில் சேர்த்துத் தருகிறது. கூகுள் பல வசதிகளை, ஆண்ட்ராய்டு வெர்ஷன் மாறாமலே தானாக அப்டேட் ஆகும் பிளே சர்வீசஸ் வழியாகச் சத்தமில்லாமல் அனுப்பிவிடுகிறது. போனைப் பறித்துக்கொண்டு ஓடினால் திரை பூட்டிக்கொள்ளும் வசதி அப்படித்தான் ஆண்ட்ராய்டு 10 போன்களுக்கும் வந்தது. வெர்ஷன் பட்டியலை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

பீட்டாவை வைத்துத் தீர்ப்பு

வேண்டாம். பீட்டா என்பது முழுதாக வெளிவரும் முன் சோதனைக்கு விடும் பதிப்புதான்.

பேட்டரி

அப்டேட் ஆன அன்றைக்கே எழுதாதீர்கள், போன் பின்னணியில் போட்டோக்களை மறுபடி அலசிக்கொண்டு சார்ஜைத் தின்னும். அதோடு எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஒன்று: திருத்தணி பஸ்ஸில் உட்கார்ந்து சோதித்தால் ஆந்திரா டவரும் தமிழ்நாடு டவரும் மாறி மாறிப் பிடித்து சார்ஜ் இறங்கும். ஒரு போனில் ஒரு கம்பெனி சிம், இன்னொன்றில் வேறு கம்பெனி சிம் என்றால் நீங்கள் அளப்பது ஐஓஎஸ்ஸையும் ஆண்ட்ராய்டையும் இல்லை, டவரை. இரண்டிலும் ஒரே கம்பெனி சிம் போட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்.