பால் டியூப் போடும்போது மானிட்டரையும் பாருங்கள்

நான் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு நர்ஸாக வந்த புதிதில், 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குப் பால் டியூப் போட்டேன். மூக்கு அல்லது வாய் வழியாக வயிறுவரை விடும் மெல்லிய குழாய் அது. கவனமெல்லாம் டியூபிலேயே இருந்தது. அலாரம் கேட்டு நிமிர்ந்தால், 150-ல் இருந்த இதயத் துடிப்பு 70-க்கு இறங்கியிருந்தது. உடனே உருவிவிட்டேன், சில நொடிகளில் ஏறிவிட்டது. ஆனால் அந்த 70 இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டியூப் தொண்டையின் பின்புறத்தில் படும்போது வேகஸ் நரம்பு தூண்டப்படுகிறது. இதயத்தை மெதுவாக்கும் நரம்பு அது. குறைமாதக் குழந்தைக்குத் துடிப்போடு மூச்சும் சற்று நின்று, ஆக்சிஜன் அளவும் இறங்கலாம்.

அதனால் பால் கொடுத்த கையோடு டியூப் போடாதீர்கள், வாந்தி வரும். கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் குழந்தையின் கைகளை மார்போடு சேர்த்து, கால்களை மடக்கி, அணைத்தாற்போல் பிடிக்கட்டும். 2 நிமிடம் முன்பே நாக்கில் சில துளி தாய்ப்பால் விட்டால் வலி கொஞ்சம் குறையும். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி வரை அளந்து, டியூபில் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சிளங்குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். ஒரு துவாரத்தை டியூப் அடைத்தால் மூச்சு விடவே கூடுதலாக உழைக்க வேண்டும். மூச்சுக்குச் சிரமப்படும் குழந்தைக்கு நான் வாய் வழியைத்தான் விரும்புவேன், அது எளிதில் நகர்ந்துவிடும் என்றாலும்.

மெதுவாக உள்ளே விடுங்கள். துடிப்பு 100-க்குக் கீழே போனால் கையை நிறுத்துங்கள். ஏறவில்லையா, நிறம் நீலமாகிறதா, யோசிக்காமல் உருவிவிடுங்கள். இருமவில்லை என்பதால் டியூப் வயிற்றில்தான் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். மிகச் சிறிய குழந்தைகள் டியூப் மூச்சுக்குழாயில் போனாலும் இருமாமல் இருக்கலாம். காற்றைச் செலுத்தி ஸ்டெதஸ்கோப்பில் கேட்பதும் போதாது, அவ்வளவு சிறிய உடம்பில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. டியூப் வழியாக உறிஞ்சிய திரவத்தின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பி.எச். தாளில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே எடுக்கும்வரை பால் வேண்டாம்.

துடிப்பு பழைய நிலைக்கு வந்த பிறகே பால். சிரிஞ்சை அழுத்தாதீர்கள், பால் தானாக இறங்கட்டும். வயிறு சட்டென்று நிரம்பினால் நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசை மேலே தள்ளப்பட்டு, மறுபடி மூச்சுத் திணறும்.

அப்புறம், டியூபின் நீளத்தோடு துடிப்பு எதுவரை இறங்கியது என்பதையும் சார்ட்டில் எழுதுங்கள். அடுத்த முறை அந்தக் குழந்தைக்கு டியூப் போடுபவர் வேறொருவராக இருக்கலாம்.