2031-ல் நம்ம ஊருக்கு எவ்வளவு குடிநீர் வேண்டும்? நாகர்கோவிலை வைத்து ஒரு கணக்கு

ஒரு நோட்டும் கால்குலேட்டரும் போதும். ஆனால் கடைசிப் படிக்கு வீடு வீடாக நடக்க வேண்டும்.

படி 1: எத்தனை பேர்?

நாகர்கோவில் நகராட்சியில் 2001-ல் ஏறத்தாழ 2,08,000 பேர், 2011-ல் 2,24,849 பேர். பத்தாண்டில் சுமார் 8 சதவீதம் கூடியிருக்கிறது. இதே வேகம் என்று வைத்து 1.08-ஆல் இருமுறை பெருக்கினால் 2031-க்குச் சுமார் 2,62,000. 2019-ல் ஊர் மாநகராட்சியாகி, எல்லையும் விரிந்திருக்கிறது. பழைய எல்லையின் எண்ணோடு புதியதைக் கலந்துவிட்டால் ஊரே திடீரென வீங்கியதுபோலக் காட்டும். இங்கே முழுக்கப் பழைய எல்லைதான்.

படி 2: ஆளுக்கு எவ்வளவு?

மத்திய அரசின் 1999-ம் ஆண்டுக் குடிநீர்க் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்றது. 135 என்றால் 3.54 கோடி லிட்டர். 70 என்றால் 1.83 கோடி. விடையே பாதியாகிறது! அதனால் எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

'இப்போது விடுகிற தண்ணீரையே தேவையாக வைத்துக்கொள்ளலாமே' என்று தோன்றும். கூடாது. நாள் விட்டு நாள் குழாய் வரும் ஊரில் அந்த அளவு, கிடைத்ததைத்தான் சொல்லும், வேண்டியதைச் சொல்லாது.

படி 3: கசிவு

வழியில் 15 சதவீதம் வீணாகும் என்று வைத்து 0.85-ஆல் வகுங்கள். 3.54 கோடி, 4.16 கோடியாகும். பழைய குழாய் என்றால் இன்னும் கூடும்.

படி 4: கிணறு

வெளியூர்ப் பாடங்களில் இது இருக்காது. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை விட்டால் கணக்கே தப்பு. ஒரு பாட்டியிடம் கேட்டேன். கிணற்றில் வாளியை இறக்கியபடியே சொன்னார்: "மாசி வரை வெள்ளம் கோரலாம் மக்களே. பங்குனி வந்தா பைப்பைத்தான் பாக்கணும்." (இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்.)

அதை எண்ணாக்குவோம். ஒரு வார்டில் 1,000 வீடு, வீட்டுக்கு 4 பேர், 600 வீட்டில் கிணறு என்று வைப்போம். மழைக்காலத்தில் கிணற்று வீட்டார் குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 30 லிட்டர் குழாயில் பிடிக்கிறார்கள், மற்றவர்கள் 135. மொத்தம் 2,88,000 லிட்டர். சித்திரையில் பாதிக் கிணறு வற்றினால் 4,14,000. அதே வார்டு, அதே ஆட்கள், ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையில் நீர் இறங்குவதும் அதே வெயிலில்தான்.

அதனால் தெருவுக்குப் பத்து வீடாவது ஏறிக் கேளுங்கள்: கிணறு உண்டா, எந்த மாதம் வற்றும், உப்புக் கரிக்குமா? கடலோரத்தில் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்; தண்ணீர் நிறைய இருக்கும், வாயில் வைக்க முடியாது. கன்னியாகுமரி ஊரில் என்றால் ஐயப்ப சீசனில் வந்துபோகிறவர்களையும் தனியாகக் கூட்டுங்கள்.

தொட்டி, மோட்டாரின் அளவைத் தீர்மானிக்க ஆண்டுச் சராசரியை எடுக்காதீர்கள். சித்திரை மாத எண்ணை எடுங்கள்.